மூடிய பென்சனும் 2038 க்கான என் கொப்பிக் கணக்கும்

கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தது. இரண்டு பக்கம், ஆங்கிலத்தில், கடைசியில் கிழித்துக் கொடுக்க ஒரு படிவம். இந்த வருடக் கடைசியோடு நிறுவனத்தின் ஓய்வூதியத் திட்டம் மூடப்படுகிறது, அதுவரை செய்த சேவைக்கு உரியது 60 வயதில் மாதாமாதம் கிடைக்கும், வேண்டுமென்றால் இப்போதே ஒரு மொத்தத் தொகையாக வாங்கிக்கொண்டு போகலாம், எது என்று ஆறு கிழமைக்குள் அறிவிக்கவும். அவ்வளவுதான் விஷயம். எங்கள் திருகோணமலைக் கிளையில் இந்தத் திட்டத்துக்குள் இருப்பவர்கள் நாங்கள் ஐந்து பேர். எங்களுக்குப் பிறகு சேர்ந்த பிள்ளைகளுக்குப் பென்சன் தொடக்கத்திலிருந்தே இல்லை.

நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இதே கடிதம் வேறு இடங்களில் வேறு தலைப்போடு வந்துகொண்டிருக்கிறது, வரப்போகிறது. அதனால்தான் அந்த ஆறு கிழமையில் நான் போட்ட கணக்கை அப்படியே எழுதுகிறேன். வாசிக்கும் ஒருவருக்காவது கையெழுத்துப் போட முன்னர் இது கண்ணில் பட்டால் போதும்.

முதலில், கடைசிச் சம்பளப் பென்சன் என்றால் என்ன என்பதே எனக்கு இத்தனை வருடமும் சரியாக விளங்கியிருக்கவில்லை. எங்கள் திட்டத்தில் ஒரு வருட சேவைக்கு, ஓய்வு பெறும்போது வாங்கும் அடிப்படைச் சம்பளத்தில் அறுபதில் ஒரு பங்கு. 2002 ஜனவரியில் சேர்ந்தேன், 2025 டிசம்பரோடு 24 வருடம். 24 ஐ 60 ஆல் வகுத்தால் 40 சதவீதம். இப்போது என் அடிப்படைச் சம்பளம் 120,000. ஆக மாதம் 48,000 ரூபா. இதைப் பார்த்ததும் மனம் கொஞ்சம் ஆறியது, பரவாயில்லை, ஒன்றுமில்லாமல் போகவில்லை என்று. அன்றிரவு கொப்பியை எடுத்து, திட்டம் மூடாமல் எனக்கு 60 வயதாகும் 2038 வரை ஓடியிருந்தால் என்ன வந்திருக்கும் என்று போட்டுப் பார்த்தேன். சம்பளம் வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் 13 வருடத்தில் 256,000 அளவில் நிற்கும், சேவை 37 வருடம், பென்சன் ஏறத்தாழ 158,000. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு நீண்ட நேரம் இருந்தேன். 48,000. 158,000. இனிவரும் 13 வருடமும் கணக்கில் சேராது என்பது கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஏற்கனவே உழைத்த 24 வருடத்தின் பெறுமதியும் இன்றைய சம்பளத்தோடு உறைந்துபோகிறது என்பதை யாரும் சொல்லவில்லை. அதைக் கொப்பிதான் சொன்னது.

அந்த 48,000 உம் இன்றைய 48,000 இல்லை. மத்திய வங்கி பணவீக்கத்துக்கு வைத்திருக்கும் இலக்கு 5 சதவீதம். எல்லாம் ஒழுங்காக நடந்து அந்த 5 சதவீதத்திலேயே விலை ஏறினால்கூட, 2038 இல் என் கைக்கு வரும் 48,000 க்கு இன்றைய பெறுமதி 25,500 க்குக் கிட்ட. ஒழுங்காக நடக்காவிட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். 12.5 கிலோ சமையல் எரிவாயு 2021 இல் 1,493 ரூபாவாக இருந்து 2022 ஜூலையில் 4,910 க்குப் போனது. மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340. எங்கள் கரையில் அந்த நாட்களில் எத்தனை வள்ளம் கடலுக்குப் போகாமல் மணலில் ஏற்றிக் கிடந்தது என்று பார்த்தவர்களுக்கு நிலையான தொகை என்ற சொல்லே பயத்தைக் கொடுக்கும்.

இங்கேதான் அம்மாவின் கதை வருகிறது.

அப்பா அரசாங்கப் பாடசாலை ஆசிரியர். 1998 இல் ஓய்வு பெற்றார், 2011 இல் இறந்துபோனார். அன்றிலிருந்து இன்றுவரை அம்மாவுக்கு விதவைகள் பென்சன் வருகிறது. பெரிய தொகை என்று சொல்ல முடியாது. ஆனால் வருகிறது. அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பிஸ்கட் தகரம், அதற்குள் அப்பாவின் நியமனக் கடிதம், பென்சன் அட்டை, வங்கிப் புத்தகங்கள், 1990 இல் வீட்டை விட்டு ஓடும்போது அம்மா சேலைக்குள் சுற்றிக்கொண்டு போன இரண்டு காணிப் பத்திரங்கள். கடிதம் வந்த கிழமை அந்தத் தகரத்தை இறக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வங்கிப் புத்தகத்தில் ஒவ்வொரு மாதமும் ஒரு வரி. கொரோனா மாதங்களிலும் வரி இருக்கிறது. 2022 இல் எரிவாயுவுக்கு நாங்கள் வரிசையில் நின்ற மாதங்களிலும் இருக்கிறது. 2024 இல் வாழ்க்கைச் செலவுப் படி 2,500 ரூபா கூடிய மாதத்தில் அம்மா பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டு வைத்திருக்கிறார். 2,500 ரூபாவுக்கு இன்று என்ன வாங்கலாம் என்று கேட்கலாம். ஆனால் விலை ஏறினால் கொஞ்சமாவது கூட்டிக் கொடுக்க ஒரு பக்கம் ஆள் இருக்கிறது. என் 48,000 க்கு அப்படி யாரும் இல்லை. மனிதவளப் பிரிவுக்கு எழுதிக் கேட்டேன்: இப்போதிருந்து 60 வயது வரை இந்தத் தொகை கூட்டப்படுமா, 60 க்குப் பிறகு கூட்டப்படுமா, நான் இல்லாவிட்டால் கணவருக்கு என்ன. முதல் இரண்டுக்கும் இல்லை. மூன்றாவதுக்கு, ஓய்வு பெற்று ஐந்து வருடத்துக்குள் நான் இறந்தால் மீதி மாதங்களுக்கு மட்டும் உண்டு. வாயால் கேட்டபோது எல்லாம் சரியாக இருக்கும் அக்கா, யோசிக்காதீங்கோ என்றுதான் பதில் வந்தது. எழுத்தில் கேட்டபிறகுதான் உண்மை வந்தது. எழுத்தில் கேளுங்கள்.

இன்னொரு கேள்வியும் கேட்டோம், அதற்கு நல்ல பதில் கிடைத்தது. 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்த ஒருவருக்கு, வேலையை விட்டுப் போகும்போது, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. பென்சன் உள்ளவர்கள் என்பதால் எங்களுக்கு இதுவரை அது இல்லை. பென்சன்தான் மூடுகிறதே, இனிவரும் சேவைக்குப் பணிக்கொடை உண்டா என்று ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். உண்டு என்று பதில் வந்தது. கடிதத்தின் இரண்டு பக்கத்திலும் இதைப் பற்றி ஒரு சொல்கூட இருக்கவில்லை. 13 வருடத்துக்கு அது என் கணக்கில் 16 இலட்சத்துக்கு மேல்.

லண்டனில் இருக்கும் அண்ணாவோடு இதைக் கதைத்தபோது அவர் வேலை செய்த இடத்திலும் இதேதான் நடந்தது என்றார். அங்கே இரண்டு விதமாக மூடுவார்கள்: புதியவர்களைச் சேர்க்காமல் விடுவது ஒன்று, உள்ளே இருப்பவர்களுக்கும் இனிமேல் சேராது என்பது மற்றது. அவருக்கு இரண்டாவது. ஆனால் அந்த நாட்டுச் சட்டப்படி, உறைந்த தொகையை ஓய்வு வயது வரை விலைவாசியோடு, ஒரு உச்ச எல்லைக்குள், கூட்டிக்கொண்டு வர வேண்டும். நிறுவனம் முறிந்தால் தாங்க 2005 இலிருந்து ஒரு பாதுகாப்பு நிதி இருக்கிறது. 30,000 பவுணுக்கு மேற்பட்ட பெறுமதியுள்ள பென்சனை விட்டுக் காசாக மாற்ற விரும்பினால் முதலில் தகுதியுள்ள ஆலோசகரிடம் போயே ஆக வேண்டும். எங்களுக்கு ஆலோசகர் என்று யாரும் இல்லை. ஆறு கிழமையும் ஒரு கொப்பியும்தான்.

(அண்ணா ஓய்வு பெற்றபின் இங்கே வந்து உவர்மலைப் பக்கம் இருக்கலாம் என்று ஆசைப்படுகிறார். அவருக்கும் அவரைப் போல யோசிப்பவர்களுக்கும் ஒரு விஷயம்: பிரித்தானிய அரச ஓய்வூதியம் இலங்கையில் வசிப்பவர்களுக்கு வருடாவருடம் கூடாது. இங்கே இருந்து முதல் வாங்கும் தொகை எதுவோ அதே தொகைதான் கடைசிவரை. வேலை இடத்துப் பென்சனுக்கு இந்தத் தடை இல்லை. அண்ணாவுக்கு இது தெரியாது. நான் தேடிச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.)

சரி, மொத்தத் தொகைக்கு வருகிறேன். எங்கள் ஐந்து பேரில் மூன்று பேர் அதைத்தான் எடுக்க நினைத்தார்கள். எனக்குச் சொன்னது 15 இலட்சம். 15 இலட்சம் என்ற சொல்லுக்கு ஒரு கனம் இருக்கிறது, மாதம் 48,000 என்பதற்கு அது இல்லை, அதுவும் 13 வருடம் கழித்து என்றால் இன்னும் இல்லை. கிளையில் என்னோடு இருக்கும் அக்கா ஒருவர் அந்தக் காசில் அலஸ்தோட்டத்தில் இருக்கும் வீட்டுக்கு மேல்மாடி கட்டி, இரண்டு அறையைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடலாம் என்று வரைபடமே கீறிவிட்டார். எங்கள் பக்கத்தில் இது எல்லோருடைய கனவும்தான். நிலாவெளி, உப்புவெளி, புறாத்தீவு என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் கடலுக்கு வருடத்தில் பாதிதான் பருவம், வாடைக் காற்று தொடங்கினால் அறை சும்மா கிடக்கும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2020 கொரோனாவிலும், 2022 நெருக்கடியிலும் பருவத்திலேயே சும்மா கிடந்தது. 70 வயதில் மருந்துக் காசு அந்த அறையிலிருந்துதான் வர வேண்டும் என்றால் அது எனக்குப் பயம்.

அதனால் அக்காவோடு உட்கார்ந்து, கட்டாமல் வங்கியில் போட்டால் என்ன என்று பார்த்தோம். 15 இலட்சத்தை 8 சதவீதத்தில் நிலையான வைப்பில் போட்டால், வட்டியில் 10 சதவீதம் வரி பிடிக்கிறார்கள், கையில் நிற்பது 7.2. பதின்மூன்று வருடம் ஒரு சதமும் தொடாமல் விட்டால் 37 இலட்சம் ஆகும். 60 வயதில் அதிலிருந்து மாதம் 48,000 எடுக்கத் தொடங்கினால் எத்தனை காலம் வரும்? ஒன்பது வருடம்கூட முழுதாக இல்லை. 69 வயதை எட்டும்போது முடிந்துவிடும்.

69. அம்மாவுக்கு இப்போது 78. 69 வயதுக்குப் பிறகான இந்த ஒன்பது வருடத்தில்தான் அவருக்கு இரண்டு கண்ணிலும் சத்திரசிகிச்சை நடந்தது, சீனி வருத்தத்துக்கு மாத்திரை மூன்றிலிருந்து ஆறானது, கொரோனா வந்தது, 2022 வந்தது. எங்கள் அம்மம்மா 91 வரை இருந்தார். என் குடும்பத்துப் பெண்களுக்கு 69 என்பது பாதி வழி. எவ்வளவு காலம் உயிரோடு இருப்பேன் என்று தெரியாதபோதும் சாகும்வரை வரும் காசு என்பதுதான் பென்சனின் முழுப் பெறுமதியும். இத்தனை காலமும் அந்தப் பாரத்தை நிறுவனம் சுமந்தது, மொத்தத் தொகையை வாங்கும் அன்றே அது என் தலைக்கு வந்துவிடும். அக்கா கணக்கை இரண்டு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தார். பிறகு வரைபடத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார், கிழிக்கவில்லை.

வட்டியையும் நம்ப முடியாது. 2023 தொடக்கத்தில் நிலையான வைப்புக்கு 20 சதவீதத்துக்கு மேல் கொடுத்தார்கள், அடுத்த வருடமே 8 க்குக் கிட்ட வந்துவிட்டது. 60 தாண்டியவர்களின் 15 இலட்சம் வரையான வைப்புக்கு 15 சதவீதம் என்று ஒரு திட்டம் இருந்தது, அதை நம்பி ஓய்வு பெற்றவர்கள் எத்தனையோ பேர், அதையும் நிறுத்தினார்கள். கூட வட்டி தருகிறோம் என்று வரும் நிதிக் கம்பனிகளைப் பற்றி ஒன்றே ஒன்று: ஒரு நிறுவனத்தில் ஒரு ஆளுக்கு 11 இலட்சம் வரைதான் வைப்புக் காப்புறுதி. அதற்கு மேல் ஒரே இடத்தில் போடாதீர்கள்.

அப்படியென்றால் மீதியை எப்படி நிரப்புவது? நாங்கள் இரண்டு பேர், கணவருக்குச் சின்னதாக உதிரிப்பாகக் கடை, பென்சன் இல்லை. மகன் உயர்தரம் படிக்கிறான், 2038 இல் அவன் தன் காலில் நிற்பான். கடையையும் கணக்கில் சேர்க்கவில்லை, அந்த வயதில் கடை நடக்குமா என்று தெரியாது. படிப்புச் செலவையும் வீட்டுக் கடனையும் கழித்து, மருந்துக்குக் கூட்டி, இன்றைய விலையில் மாதம் 70,000 என்று வைத்தேன். 2038 இல் அது 132,000. பென்சன் 48,000 போக முதல் மாதமே 84,000 குறை. பிறகு விலை ஏற ஏற குறையும் ஏறும், 48,000 மட்டும் அப்படியே நிற்கும். 85 வயது வரை என்று பிடித்தால் 60 வயதில் என் கையில் இருக்க வேண்டியது ஏறத்தாழ 2 கோடி 44 இலட்சம். இந்த எண்ணைப் பார்த்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனால் ஊழியர் சேமலாப நிதியம் இருக்கிறது. நாங்கள் 8, நிறுவனம் 12, ஆக மாதம் சம்பளத்தில் 20 சதவீதம், 24 வருடமாக. என் கணக்கில் இப்போது 38 இலட்சம். வருடம் 9 சதவீதம் வட்டி வந்தால், சம்பளத்தோடு பங்களிப்பும் ஏறினால், 2038 இல் 2 கோடி 6 இலட்சம் அளவில் நிற்கும். 2020, 21, 22 மூன்று வருடமும் 9 தான் கொடுத்தார்கள், 2023 இல் 13. அந்த 2023 இல்தான் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று நிதியத்தின் கையில் இருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசாங்கத்தின் நீண்டகாலக் கடன் பத்திரங்களை, மாற்றினார்கள், புதியவை தொடக்கத்தில் 12, பிறகு முதிர்வு வரை 9 சதவீதம், கடைசி முறி முதிர்வது 2038 இல். நான் ஓய்வு பெறும் அதே வருடம். அதனால் 9 க்கு மேல் ஒரு புள்ளிகூடக் கூட்டிக் கணக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

2 கோடி 6 இலட்சத்தோடு பணிக்கொடை 16 இலட்சம் சொச்சத்தையும் கூட்டினால் குறைவது 21 இலட்சம். அதற்கு இப்போதிருந்து மாதம் ஒன்பதாயிரம் ரூபா ஒதுக்கினால் போதும். ஒன்பதாயிரம்! இரண்டு கோடியில் தொடங்கிய பயம் கடைசியில் நான் மாதாமாதம் கட்டும் சீட்டுக் காசின் அளவுக்கு வந்து நின்றது. இந்தச் சீட்டு முடிந்ததும் அதே காசு மாறாமல் வைப்புக்குப் போகும், கொஞ்சம் சேர்ந்ததும் திறைசேரி உண்டியலுக்கு, அதாவது அரசாங்கத்தின் குறுகிய காலக் கடன் பத்திரத்துக்கு.

இதெல்லாம் ஒரே ஒரு விஷயத்தில் தொங்குகிறது: சேமலாப நிதியில் கை வைக்கக்கூடாது. வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ என்று 30 சதவீதம் முன்கூட்டியே எடுக்க வழி இருக்கிறது. வேலையை விட்டு நிற்கும் பெண்ணுக்கு 50 வயதிலேயே முழுவதையும் எடுக்க உரிமை இருக்கிறது, தனியார் துறையில் 60 வரை வேலை செய்ய 2021 ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்திருந்தும். எனக்கு 50 வர இன்னும் மூன்று வருடம். மகனின் பல்கலைக்கழகம், வெளிநாடு, யாராவது ஒருவரின் கலியாணம் என்று ஏதோ ஒன்று அந்த நேரம் வாசலில் வந்து நிற்கும், எனக்குத் தெரியும். 30 சதவீதத்தை இன்றைக்கு எடுத்தால் 11 இலட்சத்து 40 ஆயிரம், அது 2038 இல் 35 இலட்சமாக இருந்திருக்கும் காசு. இதைக் கணவருக்கும் மகனுக்கும் கொப்பியை விரித்து வைத்துக் காட்டினேன். மகன் மட்டும் கேட்டான், "அம்மா, அப்ப எனக்கு வெளிநாடு போகக் காசு?" "கடன் எடுத்துப் போ, நான் பிணை நிற்கிறேன், இதைத் தொட மாட்டேன்" என்றேன். சொல்லும்போது நெஞ்சு வலித்தது. ஆனால் 80 வயதில் மாதாமாதம் அவனிடம் கை நீட்டும் அம்மாவாக இருப்பது இதைவிட அவனுக்குப் பாரம்.

நேற்றுப் படிவத்தைக் கொடுத்துவிட்டேன், மாத ஓய்வூதியம் என்ற கட்டத்தில் அடையாளம் போட்டு. பிரதி ஒன்று எடுத்து அம்மாவின் பிஸ்கட் தகரத்துக்குள், அப்பாவின் பென்சன் அட்டைக்குக் கீழே வைத்திருக்கிறேன். அக்காவுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. இன்று காலை வந்து, தன் கணவருக்கும் ஒரு தரம் அந்தக் கணக்கை விளங்கப்படுத்த முடியுமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கொப்பியோடு அலஸ்தோட்டம் போகிறேன்.